எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் ஒலி உடைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட்டிங்கில் கேட்டபோது குரல் தெளிவாக இருந்தது. எக்ஸ்போர்ட் முடிந்து ஃபைலைத் திறந்தால் கரகரக்கிறது, அல்லது தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் கேட்கிறது. உடனே எக்ஸ்போர்ட் அமைப்புகளைத் திறந்து கண்ணில் படுவதையெல்லாம் மாற்றிப் பார்க்கத் தோன்றும். அதில் நேரம்தான் போகும். பெரும்பாலான சமயங்களில் ஒலி அதற்கு முன்பே கெட்டிருக்கும், எக்ஸ்போர்ட் செய்யும்போது அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில் கெட்டது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரிய வேலை இல்லை.

முதலில் எதைச் சோதிப்பது?

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் மூன்று முறை கேட்டுப் பாருங்கள்.

எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை வேறொரு பிளேயரில், வயர் உள்ள ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிளேயரின் ஒலி அளவு 100-ஐத் தாண்டக் கூடாது. விஎல்சி போன்ற பிளேயர்கள் 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்ற விடும். அப்படி ஏற்றியதால் உடைந்தால் ஃபைலில் குறை ஒன்றும் இல்லை. கணினியின் ஒலி அமைப்பில் பேஸ் பூஸ்ட், சரவுண்ட் மாதிரி ஏதாவது இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து, உடைகிற இடம் நடுவில் வரும்படி ஒரு 30 விநாடியைக் குறித்துக்கொண்டு, படம் இல்லாமல் ஒலியை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வேவ் சுருக்கப்படாத வடிவம். அதிலும் உடைந்தால் கோளாறு மிக்ஸில், அதாவது எல்லா ட்ராக்குகளையும் கலந்த ஒலியில், இருக்கிறது. வேவ் சுத்தமாக இருந்து எம்பி4 மட்டும் உடைந்தால் கோளாறு சுருக்கும் கட்டத்தில் இருக்கிறது.

கடைசியாக, கேமராவிலிருந்தோ ரெக்கார்டரிலிருந்தோ வந்த மூல ஃபைலை எடிட்டருக்கு வெளியே திறந்து அதே வாக்கியத்தைக் கேளுங்கள். அங்கேயே உடைந்திருந்தால் மிக்ஸையும் கோடெக்கையும் (ஒலியைச் சுருக்கும் முறையையும்) திட்டிப் பயனில்லை.

காதை மட்டும் நம்ப வேண்டாம் என்றால், எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை அதே டைம்லைனில் புதிய ட்ராக்கில் போட்டு, அசல் அலைவடிவத்துக்கு நேர் கீழே வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே கூர்மையாக இருக்கும் உச்சிகள் கீழே கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் அது கிளிப்பிங், அதாவது உச்சவரம்பைத் தாண்டிய அலை வெட்டப்பட்டிருக்கிறது. வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

கேட்கிற சத்தத்தை வைத்தே காரணத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். உரக்கப் பேசும் இடங்களிலும் இசை எழும்பும் இடங்களிலும் மட்டும் கரகரத்தால் கிளிப்பிங். கைதட்டல், ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள், சிம்பல் ஆகியவை கலங்கிச் சுழல்வதுபோல் இருந்தால் பிட்ரேட் (ஒரு விநாடி ஒலிக்குச் செலவிடும் தகவலின் அளவு) குறைவு, அல்லது இரைச்சல் நீக்கம் அளவு மீறிவிட்டது. வெட்டிய இடத்தில் மட்டும் ‘டிக்’ என்று கேட்டால் எடிட் சார்ந்தது. குரலின் சுருதியே மாறிவிட்டால் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) பொருந்தவில்லை. குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஒலித்தால், ஒரே ஒலி இரண்டு ட்ராக்குகளில் சில மில்லிவிநாடி வித்தியாசத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். கேமரா மைக்கையும் காலர் மைக்கையும் ஒன்றாக விட்டுவிடும்போது இது அடிக்கடி நடக்கும். கேமரா ட்ராக்கை மியூட் செய்தால் போதும்.

எடிட்டரில் உடையாத ஒலி எக்ஸ்போர்ட்டில் மட்டும் எப்படி உடையும்?

அதிகம் வரும் கேள்வி இது. விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபெல் என்பது உச்சவரம்பு. 16 பிட், 24 பிட் ஃபைல்களில் அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. ஆனால் இன்றைய எடிட்டிங் மென்பொருள்கள் உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட் கணக்கில் வேலை செய்கின்றன. அங்கே அலை 0-ஐத் தாண்டி +4, +6 என்று போனாலும் தகவல் அழிவதில்லை. நீங்கள் கேட்கும் வழியில், மென்பொருளின் ஸ்பீக்கர் அளவு குறைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இயங்குதளமே உச்சிகளை மெதுவாக அமுக்கியும் விடலாம். அதனால் காதுக்குச் சுத்தமாகத் தெரியும். எக்ஸ்போர்ட்டின்போது அந்த எண்களை 16 பிட்டுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. 0-க்கு மேல் இருந்ததெல்லாம் வெட்டப்படுகிறது. எல்லா ட்ராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் மீட்டரின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்திருக்கும். காது சரி என்று சொன்னதால் கண் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கும்.

ஒவ்வொரு ட்ராக்கும் தனித்தனியாகப் பச்சையில் இருந்தாலும் மாஸ்டர் சிவப்புக்குப் போகலாம் என்பதை மறக்க வேண்டாம். ஒரே ஒலி இரண்டு ட்ராக்குகளில் இருந்தால் கூட்டுத்தொகை 6 டெசிபெல் ஏறும். குரல், பின்னணி இசை, சுற்றுப்புற ஒலி, ஒரு ‘வூஷ்’ எஃபெக்ட் எல்லாம் ஒரே கணத்தில் உச்சிக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குரலின் உச்சிகள் –12 முதல் –6 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி கிளிப் கெயினை (அந்தக் கிளிப்பின் ஒலி அளவை) குறையுங்கள். குரல் போகும் இடங்களில் இசை அதைவிட 15 முதல் 20 டெசிபெல் கீழே இருக்கட்டும். மிக்ஸ் செய்யும்போது மாஸ்டர் –6 பக்கம் இருந்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். ‘இவ்வளவு மெதுவாக இருக்கிறதே’ என்று பதற வேண்டாம். மொத்த அளவைக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

மாஸ்டர் ஃபேடரை மட்டும் இறக்கினால் போதாதா?

ட்ராக்குகளில் வேறு எஃபெக்ட் எதுவும் இல்லை என்றால் போதும். ஃப்ளோட் கணக்கில் எதுவும் அழியாததால் இறக்கினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். கம்ப்ரசர் (உரத்த இடங்களை அமுக்குவது), ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது), பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்யும் பிளகின்கள் நடுவில் இருந்தால் நிலைமை வேறு. அவற்றில் பல, உள்ளே வரும் அளவைப் பொறுத்து ஒலியை மாற்றுபவை. அங்கே உடைந்த ஒலியை மாஸ்டரில் இறக்கினால் ‘மெதுவாக உடைந்த ஒலி’தான் கிடைக்கும். ஒவ்வொரு பிளகினையும் அணைத்து அணைத்துக் கேட்டால் எது உடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

லிமிட்டர் போட்டிருக்கிறேன், இருந்தும் கரகரக்கிறதே?

லிமிட்டர் எப்போதாவது எட்டிப்பார்க்கும் உச்சியைப் பிடிப்பதற்கானது. 2, 3 டெசிபெல் அமுக்கினால் கேட்பவருக்குத் தெரியாது. 10 டெசிபெல் அமுக்கச் சொன்னால் லிமிட்டரே ஒலியைச் சிதைக்கும். அதன் ‘கெயின் ரிடக்‌ஷன்’ மீட்டரைப் பாருங்கள். முள் எப்போதும் ஆழத்தில் கிடந்தால், மிக்ஸைக் குறைக்காமல் லிமிட்டரின் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றியிருக்கிறீர்கள். இன்னொன்று, லிமிட்டர் எஃபெக்ட்களின் வரிசையில் கடைசியாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு ஈக்யூ உட்கார்ந்து 4 டெசிபெல் ஏற்றினால் லிமிட்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

மாஸ்டர் 0-ஐத் தாண்டவில்லை, வேவ் ஃபைலும் சுத்தம். எம்பி4 மட்டும் ஏன் உடைகிறது?

ஒலி ஃபைலில் இருப்பவை புள்ளிகள். அந்தப் புள்ளிகளை இணைத்து மீண்டும் அலையாக்கும்போது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அலை அவற்றைவிட உயரமாக எழும்பலாம். சாதாரண பீக் மீட்டர் புள்ளிகளை மட்டுமே பார்ப்பதால் –0.1 என்று காட்டும். உண்மையான அலையோ 0-ஐத் தாண்டியிருக்கும். இதை அளப்பதுதான் ட்ரூ பீக். இதற்கு மேல், ஏஏசி, எம்பி3 போன்ற கோடெக்குகள் காதுக்குத் தேவையில்லை என்று கருதும் தகவலைத் தூக்கி எறிந்துவிட்டு அலையைத் தோராயமாக மறுபடி கட்டுகின்றன. அந்தக் கட்டுமானத்தில் சில உச்சிகள் அசலைவிட உயர்ந்துவிடும். பிட்ரேட் குறையக் குறைய இந்த எகிறலும் கூடும்.

அதனால் லிமிட்டரின் உச்சவரம்பை 0-வில் வைக்க வேண்டாம். ட்ரூ பீக் வசதியை இயக்கி –1 டெசிபெல்லில் வையுங்கள். குறைந்த பிட்ரேட்டில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் –2 பாதுகாப்பு. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களின் ஒன்றியம் 2010-ல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரையிலும் தயாரிப்புக்கான ட்ரூ பீக் வரம்பு –1தான். ஒளிபரப்புக்கு அது சொல்லும் சராசரி உரப்பு –23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு).

யூடியூபில் மற்றவர்கள் வீடியோ உரக்கக் கேட்கிறது. என் ஒலியை ஏற்றினால் உடைகிறது. என்ன செய்ய?

யூடியூப் சுமார் –14 எல்யூஎஃப்எஸ் அளவை விட உரப்பான வீடியோக்களைத் தானாகவே இறக்கிவிடுகிறது. மெதுவானவற்றை ஏற்றுவதில்லை. ஆகவே –8க்கு அடித்து நொறுக்கி ஏற்றினாலும் கேட்பவருக்கு அது –14ல்தான் வந்து சேரும், நீங்கள் செய்த சிதைவு மட்டும் அப்படியே இருக்கும். –14 அருகில் நிறுத்தி, ட்ரூ பீக் –1 என்று வைத்தால் மற்றவர்களோடு சமமாக நிற்கும், குரலும் பிழைக்கும். உரப்பு வேண்டும் என்றால் லிமிட்டரைப் பிழிவதைவிட, குரல் ட்ராக்கில் அளவான கம்ப்ரஷன் கொடுத்து, இசையை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். குரல் தானாக முன்னால் வரும்.

ஒலிக்கு எவ்வளவு பிட்ரேட் வைக்கலாம்?

ஏஏசி, ஸ்டீரியோவுக்கு 192 கேபிபிஎஸ் என்பதை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். இசை முக்கியம் என்றால் 256 அல்லது 320. பிறகு இன்னொரு தளம் மறுபடி சுருக்கப் போகிறது என்றால் இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம். யூடியூப் ஸ்டீரியோ ஒலிக்குப் பரிந்துரைப்பது 384 கேபிபிஎஸ், 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோவின் பிட்ரேட்டோடு ஒப்பிட்டால் இது ஃபைல் அளவில் துளி. ஒலியில் மிச்சம் பிடித்து ஃபைலைச் சிறிதாக்க நினைப்பது வீண்.

பிட்ரேட் உயர்ந்தும் கலங்கலாக இருந்தால் மூலத்தைப் பாருங்கள். ஏற்கனவே 96 கேபிபிஎஸ் எம்பி3 ஆக வந்த இசையை 320-ல் எக்ஸ்போர்ட் செய்தாலும் இழந்தது திரும்பாது.

குரல் கீச்சென்று, வேகமாக ஒலிக்கிறது. அல்லது தடித்து மெதுவாகிறது. ஏன்?

சாம்பிள் ரேட் பொருந்தவில்லை. சிடியிலிருந்து வந்த வழக்கம் 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோ உலகின் வழக்கம் 48. 44.1-ல் பதிவான ஒலியை ஏதோ ஒரு கட்டம் 48 என்று நினைத்து ஓட்டினால் சுமார் 8.8 சதவீதம் வேகமாகும். 10 நிமிடப் பேச்சு 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும், சுருதியும் ஏறும். எதிர்த்திசையில் போனால் குரல் தடிக்கும்.

சாதாரணமாக எடிட்டர்கள் இதைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். சிக்கல் வருவது, ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒரு ரேட்டிலும் மென்பொருள் இன்னொன்றிலும் இருக்கும்போது பதிவு செய்தால். அப்படிப்பட்ட ஃபைல் தன்னைப் பற்றியே தவறான தகவலைச் சுமந்து வரும். இரண்டு சாதனங்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என்றும் கேட்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஃபைலைத் திறந்தால் அதில் எழுதப்பட்டிருக்கும் சாம்பிள் ரேட் தெரியும். பதிவு, ப்ராஜெக்ட், எக்ஸ்போர்ட் மூன்றையும் 48-ல் நிறுத்துங்கள். வேறு ரேட்டில் வந்த இசையை டைம்லைனில் போடுவதற்கு முன் ஒருமுறை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆக மாற்றிக்கொள்வது நல்லது.

ஆரம்பத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு போகப்போக விலகுகிறதே?

இது சிதைவு இல்லை, என்றாலும் அதே குடும்பம். போனிலும் திரைப் பதிவிலும் வரும் வீடியோக்களில் ஃப்ரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படச்சட்டம் என்பது) பெரும்பாலும் நிலையாக இருப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். எடிட்டர் அதை நிலையானதாக எடுத்துக்கொண்டால் படமும் ஒலியும் பிரியும். ஹேண்ட்பிரேக் போன்ற கருவியில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள். 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்டால்கூட ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகிவிடும்.

ஒவ்வொரு வெட்டிலும் ‘டிக்’ சத்தம் கேட்கிறது.

அலை பாதி உயரத்தில் இருக்கும்போது வெட்டினால், அடுத்த கிளிப்பின் அலை வேறு உயரத்தில் தொடங்கும். அந்தத் திடீர்த் தாவல்தான் ‘டிக்’. வெட்டின் இருபுறமும் ஓரிரு ஃப்ரேம் நீளத்துக்கு க்ராஸ்ஃபேட் (ஒரு ஒலி மெல்ல இறங்க, அடுத்தது மெல்ல ஏறுவது) போடுங்கள். வேறொன்றும் தேவையில்லை.

பதிவிலேயே உடைந்துவிட்டது. மீட்க முடியுமா?

எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக உச்சிகள் வெட்டப்பட்டிருந்தால் டீகிளிப் கருவிகள் நன்றாகவே வேலை செய்யும். ஆடாசிட்டியில் ‘கிளிப் ஃபிக்ஸ்’ இலவசமாகவே இருக்கிறது. ஐசோடோப் ஆர்எக்ஸில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. இவை வெட்டுப்பட்ட உச்சியின் இருபக்கச் சரிவைப் பார்த்து, காணாமல் போன வளைவை ஊகித்து வரைகின்றன. வரைந்த உச்சி 0-க்கு மேலே போகும் என்பதால் முதலில் அளவை இறக்க வேண்டும். வாக்கியம் முழுக்கத் தட்டையாக நசுங்கியிருந்தால் கருவியால் ஓரளவுக்கு மேல் முடியாது. அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி பேசிப் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் சிறந்த வழி.

அடுத்த முறைக்கு: மிக்ஸரிலிருந்தோ ஒலிபெருக்கி அமைப்பிலிருந்தோ ஒயர் எடுத்துக் கேமராவில் செருகும்போது, அது லைன் அளவா மைக் அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லைன் அளவு சமிக்ஞை மைக் அளவைவிடப் பல மடங்கு வலுவானது. மைக் உள்ளீட்டில் செருகினால் கெயினை அடியோடு குறைத்தாலும் உடையலாம். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஃபைலில் 0-ஐத் தாண்டியதை இறக்கி மீட்கலாம், சரி. மைக்கின் சுற்றோ வயர்லெஸ் ட்ரான்ஸ்மிட்டரோ அதற்கு முன்பே உடைத்திருந்தால் எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது.

இரைச்சலை நீக்கிய பிறகு குரல் உலோகச் சத்தமாகிவிட்டது.

அளவைப் பாதியாகக் குறையுங்கள். இரைச்சலைப் பூஜ்யமாக்க முயன்றால் குரலின் மெல்லிய பகுதிகளும் சேர்ந்து போகும், மிச்சமிருப்பது மினுக் மினுக்கென்று ஒலிக்கும். 6 முதல் 10 டெசிபெல் குறைத்தாலே போதும், மிச்ச இரைச்சல் மெல்லிய இசைக்கு அடியில் மறைந்துவிடும். இரைச்சல் நீக்கத்தைக் கம்ப்ரசருக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால், கம்ப்ரசர் தூக்கிவிட்ட இரைச்சலோடு அது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஹெட்ஃபோனில் குரல் இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் காணவே இல்லை!

இது கேட்பவரைத் திகைக்க வைக்கும், காரணம் எளிது. இடது, வலது சேனல்களில் ஒரே குரல் தலைகீழ் அலையாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டும் மோனோ ஸ்பீக்கரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்பும் பேலன்ஸ்டு மைக் ஒயரைக் கேமராவின் ஸ்டீரியோ உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால் சரியாக இப்படித்தான் ஆகும். ஒரு சேனலின் ஃபேஸைத் திருப்புங்கள் (அலையைத் தலைகீழாக்குங்கள்), அல்லது ஒரு சேனலை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் நிரப்புங்கள். வெளியிடும் முன் மாஸ்டரை ஒருமுறை மோனோவாக்கிக் கேட்கும் பழக்கம் இருந்தால் இது தப்பவே தப்பாது.

5.1 டைம்லைனிலிருந்து ஸ்டீரியோவாக எக்ஸ்போர்ட் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆறு சேனல்கள் இரண்டாக மடியும்போது அளவுகள் கூடிக் கிளிப் ஆகலாம். ஸ்டீரியோ மட்டும்தான் வேண்டும் என்றால் டைம்லைனையே ஸ்டீரியோவாக வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் வேறு வேறு இடத்தில் உடைகிறது.

இது நல்ல தடயம். ஒரே இடத்தில் உடைந்தால் மிக்ஸிலோ மூலத்திலோ கோளாறு. இடம் மாறிக்கொண்டே இருந்தால் கணினியின் பக்கம் பாருங்கள். முதலில் மீடியா கேஷை அழித்துவிட்டு எடிட்டரை மறுபடி திறங்கள். எடிட்டர் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் ஒலிப் பிரதிகள் கெட்டுப்போயிருக்கலாம். ஃபைல்கள் யூஎஸ்பி டிரைவிலிருந்து ஓடினால் உள் வட்டுக்கு மாற்றுங்கள். சில பிளகின்கள் நேரடியாக ஓடும்போது ஒழுங்காக இருந்து, எக்ஸ்போர்ட் வேகத்தில் தடுமாறும். அவை உள்ள ட்ராக்கை முதலில் தனி வேவ் ஆக ரெண்டர் செய்து, கேட்டு உறுதிப்படுத்தி, அந்த வேவை டைம்லைனில் வைத்து பிளகினை அணைத்துவிடுங்கள்.

எடிட்டரில் ஓட்டும்போது மட்டும் வெடித்து, எக்ஸ்போர்ட் சுத்தமாக இருந்தால் கவலை வேண்டாம். ஒலிக் கருவியின் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) அளவைக் கூட்டினால் நிற்கும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் மோசமாகக் கேட்கிறதே?

அதன் மைக் இயங்கிக்கொண்டிருந்தால் அது அழைப்பு நிலைக்கு மாறியிருக்கும். அந்த நிலையில் பழைய முறை 8 கிலோஹெர்ட்ஸ், சற்றுப் புதியது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில்தான் ஒலியை அனுப்பும், அதுவும் மோனோவில். வீடியோ அழைப்பை மூடுங்கள், அல்லது வயருக்கு மாறுங்கள். ஒலித் தரத்தைப் புளூடூத்தில் தீர்மானிக்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் கெடுகிறது.

அது வீடியோவை மறுபடி சுருக்குகிறது. வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஃபைல் மாறாமல் போய்ச் சேரும்.

ஒலியைச் சரிசெய்தாயிற்று. இதற்காக முழு வீடியோவையும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. இது தெரியாமல் பலர் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். படத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்றால், திருத்திய ஒலியை மட்டும் வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதற்குச் சில நிமிடம் போதும். பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில், பழைய எம்பி4-இன் வீடியோவை அப்படியே நகலெடுத்து, புதிய ஒலியை ஏஏசி ஆக்கி இணைக்கலாம். படம் மறுபடி சுருக்கப்படாததால் அதன் தரம் இம்மியும் குறையாது. ஒலியை எக்ஸ்போர்ட் செய்யும்போது முதல் ஃப்ரேம் தொடங்கும் இடமும் மொத்த நீளமும் பழைய எக்ஸ்போர்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். இணைத்த ஃபைலின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடங்களிலும் உதட்டசைவைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.